கரிகாலன கொன்னவங்க பேரு கல்வெட்டுலயே இருக்கு, அப்புறம் எதுக்கு நாவல்?

போன போயா, அதாவது பௌர்ணமி லீவு அன்னைக்கு எங்க வாசிப்பு வட்டத்துல ஒரு பெரிய வாக்குவாதம் வந்திருச்சு. நாங்க இலங்கை மலைநாட்டுல பொகவந்தலாவ பக்கத்து தேயிலைத் தோட்டங்கள்ல இருக்கிற ஒரு ஒம்பது பேரு, மாசத்துக்கு ஒருக்கா போயா லீவுல ஒரு ட்யூஷன் க்ளாஸ் ரூம்ல கூடுவோம். பெக்டரியில டீ மேக்கரா இருந்து ரிட்டையர் ஆன ஒரு மாமா, ரெண்டு டீச்சர்மாரு, ஏ லெவல் எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்கிற ஒரு புள்ள, கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா, அவங்க கூடவே வந்து ஒக்காந்து கேட்டுட்டு போற அவங்க மாமியார் பாட்டி, இப்பிடி. கதை பொன்னியின் செல்வன், அதுல வர்ற ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலன் சாவு பக்கம் திரும்பினப்பதான் மாமா கேட்டாரு, "இந்தா பாரு தம்பி, கரிகாலன கொன்னவங்க பேரு கல்வெட்டுலயே வெட்டி வெச்சிருக்குன்னு நீதான சொல்ற, அப்ப இதுல என்னா மர்மம்? போலீஸ் ரிப்போர்ட் வந்த பொறகு எதுக்கு நாவல்?"

நல்ல கேள்வி. அன்னைக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல, அதனாலதான் இத எழுதுறேன். ஏன்னா சரித்திர மர்ம நாவல்னா என்னா, அது எப்பிடி வேலை செய்யுது, அத நம்ம ஆளுங்க கூட்டமா ஒக்காந்து வாசிக்கிறதுல ஏன் இவ்வளவு ருசி இருக்கு, எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு.

மொதல்ல அந்த கல்வெட்டு. தமிழ்நாட்டுல காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடின்னு ஒரு எடம், அங்க இருக்கிற அனந்தீசுவரர் கோயில் கல்லுல இருக்கு, ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாவது வருஷத்துல வெட்டினது, அதாவது சுமாரா 987. கரிகால சோழன கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரெல்லாம் அதுல வருது, அவங்க குடும்பத்து, சொந்தக்காரங்க சொத்துகள பறிக்கிற சமாச்சாரமும் வருது. ஆனா பாருங்க, அது கொலை வழக்கு தீர்ப்பு இல்ல, நெலம் சம்பந்தப்பட்ட ஆவணம். ஏன் கொன்னாங்க, எங்க வெச்சு கொன்னாங்க, யாரு சொல்லி கொன்னாங்க, ஒண்ணும் இல்ல. அதவிட பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. கரிகாலன் செத்தது 970 வாக்குல. அதுக்கு பொறகு அரசனா இருந்தது உத்தம சோழன், 985 வரைக்கும். அதுக்கப்புறம்தான் ராஜராஜன். அப்பிடின்னா நடுவுல பதினஞ்சு வருஷத்துக்கும் மேல போயிருக்கு, உத்தம சோழன் காலத்துல இந்த ஆளுங்கள யாரும் தொடலயா, தொட்டும் சொத்து மட்டும் மிச்சமா, இல்ல ராஜராஜன் வந்ததுக்கப்புறந்தான் தைரியம் வந்துச்சா? சோழர் சரித்திரம் எழுதின நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேலயே சந்தேகத்த வெச்சாரு, பின்னால வந்த ஆராய்ச்சியாளருங்க அத மறுத்தாங்க, இன்னும் முடியல.

அப்ப பேரு தெரிஞ்சும் மர்மம் தீரல. சரித்திர மர்ம நாவல் பொழைக்கிறது இந்த எடத்துலதான். சாதாரண துப்பறியும் கதையில "யாரு கொன்னா"ன்னு கேள்வி. சரித்திர மர்மத்துல அதுக்கு முந்தி இன்னொரு கேள்வி நிக்குது: இத எழுதி வெச்சது யாரு, எப்ப எழுதினாங்க, எழுதினதால யாருக்கு லாபம். கல்கி 1950ல தொடங்கி மூணு வருஷத்துக்கு மேல வாரா வாரம் இந்த கதைய எழுதினாரு, அத்தன பாகத்துக்கு பொறகும் அந்த ராத்திரி என்னா நடந்துச்சுன்னு ஒரே அடியா முடிச்சு போடல, வாசிக்கிறவங்க கையில ஒரு முடிச்ச அப்பிடியே விட்டுட்டு போயிட்டாரு. அது அந்த கதையோட குறைன்னு நான் நெனைக்கல, கல்வெட்டுக்கு அவர் காட்டின மரியாதைன்னுதான் நெனைக்கிறேன்.

எங்க தாத்தா கதைய இங்க சொல்லணும். தாத்தாவும் அவரு தம்பியும் சேர்ந்து அந்த தொடர பத்திரிகையில இருந்து கிழிச்சு சேத்து, டவுன்ல குடுத்து அஞ்சு பொஸ்தகமா பைண்ட் பண்ணி வெச்சிருந்தாங்க. அப்ப எல்லாம் லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, ஒரு வீட்டுக்கு பத்திரிகை வந்தா பத்து வீடு வாசிக்கும். அப்புறம் 1964 ஒப்பந்தம், இங்கத்த பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்டது, நம்ம ஆளுங்க 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு காயிதத்துல போட்டாங்க, அதுல சின்ன தாத்தா பேரும் வந்திருச்சு. கப்பலேற தலைமன்னாருக்கு போற அந்த ஒப்பாரிக் கோச்சியில (ரயில்ல) அவரு ஏறினப்ப மூணாம் பாகத்தையும் அஞ்சாம் பாகத்தையும் கொண்டு போயிட்டாரு, ஞாபகத்துக்குன்னு கேட்டு வாங்கி. மிச்சம் மூணு எங்க வீட்ல. 70கள்ல இந்தியப் பத்திரிகை, பொஸ்தகம் எல்லாம் இங்க எறக்குறதுக்கு கட்டுப்பாடு வந்திருச்சு, புதுசா வாங்கவும் வழியில்ல. நான் சின்னப்பையனா இருந்தப்பவும் வீட்ல அந்த மூணுதான். ஒண்ணு, ரெண்டு வாசிச்சு முடிச்சதும் மூணாவது பாகத்த தாத்தா வாயால சொல்லுவாரு, அப்புறம் நாலாவது பொஸ்தகத்துல, அப்புறம் அஞ்சாவது திரும்ப வாயால. எனக்கு பத்தொம்பது வயசுலதான் முழு பொஸ்தகம் கெடைச்சுது. வாசிச்சா, தாத்தா சொன்னதுல கொலைகாரன் பேரு அடிச்சு சொன்ன மாதிரி இருந்துச்சு, பொஸ்தகத்துல அப்பிடி இல்ல. தாத்தா தானே கேஸ விசாரிச்சு தீர்ப்பு குடுத்திருக்காரு! யாருன்னு இங்க சொல்ல மாட்டேன், வாசிக்காதவங்க இருப்பீங்க. ஆனா எனக்கு பொஸ்தகத்தோட முடிவவிட தாத்தாவோட முடிவுதான் ரொம்ப நாள் மனசுல நின்னுச்சு, அவரு சொன்ன காரணம் அப்பிடி.

இந்த மாதிரி நாவல தேடுறது கஷ்டம், ஏன்னா கடையிலயோ லைப்ரரியிலயோ "சரித்திர மர்மம்"னு ஒரு தட்டு நம்மகிட்ட கெடையாது. துப்பறியும் கதை தமிழ்ல 1890கள்லயே வந்திருச்சு, சரித்திர நாவலுக்கும் பெரிய கூட்டம் இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற தட்டுல. அதனால பக்கவாட்டுல தேடணும். சரித்திர நாவல்ல ஒரு காணாம போன ஆளோ, மாறிப்போன ஓலையோ, தீராத சாவோ இருக்கான்னு பாக்கணும். இலங்கையில எழுதின மொத தமிழ் நாவல்னு சொல்றது நம்ம கண்டி சித்தி லெப்பை 1885ல எழுதின அசன்பேயுடைய கதை, அதுவே எகிப்துல ஒரு கொழந்தைய கடத்திட்டு போறதுல இருந்துதான் வளருது. மலைநாட்டுக்காரர் ஒருத்தர் அந்தக் காலத்துலயே இப்பிடி ஒரு முடிச்ச கையில எடுத்தாருன்னு நெனைக்கிறப்ப எனக்கு பெருமையா இருக்கு. பழைய இலங்கை பொஸ்தகம் தேடுறவங்களுக்கு 2005ல தொடங்கின நூலகம் திட்டம் ஒரு பெரிய கொடை, போன்லயே தெறந்து வாசிக்கலாம். 2022ல டாலர் 200 ரூவாயில இருந்து 360க்கு போன பொறகு இந்தியாவுல இருந்து வர்ற பொஸ்தகத்த கையில தொட்டு வெலய பாத்துட்டு திரும்ப வெச்சுட்டு வர்ற நெலமதான் எங்க எல்லாருக்கும், அப்ப இதுவும் இரவலும்தான் வழி.

இங்கிலீஷ்ல இந்த வகைக்கு தனி தட்டே இருக்கு. எங்க வட்டத்துல ஒரு டீச்சர் அத வாசிச்சுட்டு வந்து தமிழ்ல கதையா சொல்லுவாங்க, பாதியில நிறுத்திட்டு "இப்ப சொல்லுங்க"ன்னு எங்கள கேப்பாங்க. அப்பிடி கேட்டதுல எனக்கு உள்ள எறங்கினது ஜோசபின் டே 1951ல எழுதின ஒரு நாவல், காலத்தின் மகள்னு பேர தமிழ்ல சொல்லலாம். கால் ஒடைஞ்சு ஆஸ்பத்திரி கட்டில்ல மல்லாக்க படுத்திருக்கிற ஒரு போலீஸ் அதிகாரி, பொழுது போகாம, இங்கிலாந்த ஆண்ட மூணாவது ரிச்சர்ட் ராசா தன் அண்ணன் மக்கள் ரெண்டு பேர கொன்னாரா இல்லயான்னு விசாரிக்கிறாரு. ராசா செத்தது 1485ல. சாட்சி எல்லாரும் மண்ணோட மண்ணு. அவருகிட்ட இருக்கிறது பொஸ்தகங்களும் ஒரு படமும்தான். எல்லாரும் ரிச்சர்ட கொலைகாரன்னு சொல்றதுக்கு பெரிய ஆதாரமா காட்டுறது தாமஸ் மோர் எழுதினத. மோர் யாரு, பெரிய மனுஷன், ஞானவான். ஆனா அவரு பொறந்தது 1478ல, அப்ப ரிச்சர்ட் ஆண்ட காலத்துல இவருக்கு அஞ்சாறு வயசு! கேள்விப்பட்டத எழுதியிருக்காரு, அதுவும் ரிச்சர்ட தோக்கடிச்ச கட்சியோட காலத்துல ஒக்காந்து. இத டீச்சர் சொன்னப்ப ரூமே அமைதியாயிருச்சு. நம்ம ஆளுங்களுக்கு இது ஒடனே புரியும், எடுத்து சொல்லவே வேணாம், ஏன்னா நம்ம பாட்டன் பூட்டன பத்தி இருக்கிற எழுத்து பூரா தொரமார், அதாவது தோட்டத்து வெள்ளக்கார மேனேஜருங்க எழுதின ரிப்போர்ட்டு, கணக்கப்பிள்ளை போட்ட செக்ரோல்ங்கிற பேர் பதிவு, கோர்ட்டு காயிதம்.

அகதா கிறிஸ்டியும் ஒரு தடவை, 1944ல, நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின எகிப்துல ஒரு கொலைக்கதை எழுதினாங்க. அதுக்கு வெத எங்க இருந்து வந்துச்சுன்னா, ஒரு கல்லறையில கெடைச்ச கடுதாசிங்க. ஹெக்கநக்த்னு ஒரு பூசாரி, வெள்ளாம பாக்கிறவரு, வெளியூர்ல இருந்து வீட்டுக்கு எழுதினது: தானியம் இவ்வளவுதான் குடுக்கணும், நான் கூட்டிட்டு வந்த பொம்பளைய ஏன் சரியா நடத்தல, இப்பிடி ஏச்சும் பேச்சும். ராசா கல்வெட்டு இல்ல, சண்டை போடுற ஒரு குடும்பத்து கடுதாசி. அத வெச்சு ஒரு குடும்பத்தையே திரும்ப எழுப்பியிருக்காங்க. எங்க வீட்டு தகரப் பெட்டியில திருச்சியில இருந்து வந்த பழைய இன்லண்ட் லெட்டர் இருக்கு, அத இப்ப வேற கண்ணால பாக்குறேன்.

இந்த வகை நாவல் வேலை செய்யிற விதத்த கொஞ்சம் சொல்லணும். எழுதுறவங்களுக்கு விஞ்ஞானத்தோட உதவி கெடையாது. விரல்ரேகை கூட ரொம்ப பிந்தி வந்தது, அதுக்குன்னு ஒரு பீரோ கல்கத்தாவுல தொடங்கினதே 1897ல. அதுக்கு முந்தின கதைன்னா துப்பறியிறவரு கண்ணையும் காதையும் மனுஷங்க கொணத்தையும்தான் நம்பணும், அதனாலதான் வெள்ளக்கார நாவல்ல மூலிகை தெரிஞ்ச சாமியாரு, நீதிபதி, வைத்தியருன்னு அந்தக் காலத்துல எல்லா வீட்டுக்குள்ளயும் போயி வரக்கூடிய ஆளுங்கள துப்பறிய விடுறாங்க. இங்க ஒரு விஷயம், விரல்ரேகையோட தொடக்கம் குற்றத்துல இல்ல. 1858ல வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷல்னு ஒரு வெள்ளக்கார அதிகாரி, ஒரு காண்ட்ராக்ட்ல பின்னால பேச்சு மாறக்கூடாதுன்னு கையெழுத்தோட சேத்து முழு கையையும் மையில அமுக்கி எடுத்ததுதான் ஆரம்பம். அப்பிடின்னா காண்ட்ராக்ட் எடுத்த ஒருத்தன் பேச்ச நம்பாததுல பொறந்த வித்தை அது. நம்ம பாட்டிமாரு காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துலயும் சம்பளத்துக்கும் வெச்ச கைநாட்டு அந்த வரிசையிலதான் வருது. ரேகை இருந்துச்சு, ஆனா அவங்க சொல்ற கதைய யாரும் எழுதிக்கல.

கூட்டமா வாசிக்கிறப்ப இன்னொரு விளையாட்டும் வந்திரும், கதை நடக்கிற காலத்துல சொன்ன விஷயம் சரியான்னு பாக்கிறது. 1850ல ஒரு கொலை, அப்ப பொண்ணுங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்கன்னு ஒருத்தர் கதை எழுதிட்டு வந்தா மாமா விட மாட்டாரு, ஏன்னா ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயிலை போட்டதே 1867ல, அதுக்கு முந்தி இந்த மலை பூரா காப்பி, நோவு வந்து காப்பி அழியத் தொடங்கினது 1869ல. அதே மாதிரி கோச்சி கண்டிக்கு வந்தது 1867, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. அப்ப 1875ல ஒருத்தன் "நான் ராத்திரி நானுஓயா ஸ்டேஷன்ல இருந்தேன்"னு சொன்னா அவன் பொய் சொல்றான்னு அர்த்தம், இல்ல எழுதினவரு பாக்காம எழுதிட்டாருன்னு அர்த்தம். இப்பிடி தேடப்போயித்தான் எங்க வட்டத்து புள்ளைங்க சரித்திரம் படிக்க ஆரம்பிச்சுதுங்க. ஸ்கூல்ல தூங்கின பாடம் இங்க கொலை கேஸுக்கு சாட்சியா வருதுல்ல.

முடிவ சொல்லாம பகிர்றது எப்பிடின்னு எங்களுக்குள்ள ரொம்ப நாள் பேச்சு இருந்துச்சு. சரித்திர மர்மத்துல ஒரு வசதி, யாரு செத்தான்னு எல்லாருக்கும் தெரியும். கரிகாலன் சாவான்னு தெரிஞ்சுதான் மொத பக்கத்தையே தெறக்கிறோம். அதனால மறைக்க வேண்டியது சாவ இல்ல, எந்த சாட்சிய கடைசியில நம்ப முடியாம போகுதுங்கிறதத்தான். நாங்க இப்ப அத மட்டுந்தான் வாய தெறந்து சொல்றதில்ல, மத்த எல்லாத்தையும் தாராளமா பேசுறோம். இரவல் குடுக்கிற பொஸ்தகத்துல பென்சில்ல எழுதவும் விடுறோம், சந்தேகம் வந்த பக்கத்துல ஒரு கோடு, பேரோட முதல் எழுத்து. நாலு கை மாறி வர்றப்ப யாரு எந்த எடத்துல முழிச்சுக்கிட்டாங்கன்னு தெரியும்.

நம்ம மலையிலயே எழுதாம கெடக்கிறது எவ்வளவு! கண்டி ராச்சியம் 1815ல விழுறதுக்கு முந்தின வருஷங்கள்ல ஜோன் டொய்லின்னு வெள்ளக்கார அதிகாரி நாள் தவறாம டைரி எழுதினாரு, கண்டிக்குள்ள இருந்து ஒற்றருங்க கொண்டு வந்த சேதி பூரா அதுல இருக்கு. சேதி சொன்ன அந்த ஆளுங்க யாரு, எதுக்கு சொன்னாங்க, அதுல எது பொய்? ஒரு நாவலுக்கு வேற என்னா வேணும். 1840கள்ல காப்பித் தோட்ட வேலைக்கு மன்னார்ல இருந்து மாத்தளைக்கு காட்டு வழியா நடந்து வந்தவங்கள்ல எத்தன பேரு செத்தாங்கன்னு சரித்திர ஆசிரியருங்க இன்னும் ஒத்துப்போகல, 2023ல அதே பாதையில தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு ஆளுங்க நடந்தாங்களே, அது அந்த பேரு தெரியாத சாவுகளுக்காகவும்தான். 1940 ஜனவரியில முல்லோயா தோட்டத்து ஸ்ட்ரைக்ல போலீஸ் சுட்டு கோவிந்தன் செத்தாரு, ஒரு தொழிலாளியோட சாவு விசாரணைக் கமிஷன், மந்திரிமார் ராஜினாமா வரைக்கும் கொண்டு போச்சு. அடுத்த வருஷமே புசல்லாவ பக்கம் ஸ்டெலன்பர்க் தோட்டத்துல தொரை கொலை, அதுக்கு ரெண்டு தொழிலாளிங்கள தூக்குல போட்டாங்க. கோர்ட்டு தீர்ப்பு இருக்கு. லயத்துல அந்த ராத்திரி என்னா பேசிக்கிட்டாங்கங்கிறது தீர்ப்புல இருக்காது. உடையார்குடி கல்லுக்கும் இந்த காயிதத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல, மாமாவுக்கு நான் அன்னைக்கு சொல்லியிருக்க வேண்டியது இதத்தான்.

சொல்லல, ஆனா அன்னைக்கே வேற ஒருத்தங்க சொல்லிட்டாங்க. ரிச்சர்ட் ராசா கதைய டீச்சர் திரும்ப ஒருக்கா மாமாவுக்காக சொல்லி முடிச்சப்ப, அது வரைக்கும் மூலையில வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்த பாட்டி மெதுவா பேச்செடுத்தாங்க. "எங்க தாத்தாவுக்கு ரெண்டு பேரு. வீட்ல மாரிமுத்து. செக்ரோல்ல வேற பேரு. கங்காணி கடன் தாங்காம வேற தோட்டத்துல இருந்து ராவோட ராவா வந்தவரு, இன்னொருத்தன் துண்ட வெச்சுக்கிட்டு. அந்த பேருலதான் பேர் போட்டாங்க, அந்த பேருலதான் பொதச்சாங்க."

துண்டுன்னா சின்னவங்களுக்கு தெரியாது. ஒரு தோட்டத்துல இவ்வளவு கடன் இருக்கு, அத கட்டினா ஆள விடுறோம்னு எழுதிக் குடுக்கிற காயிதம், அது இல்லாம அடுத்த தோட்டத்துல ஆள எடுக்க மாட்டாங்க, 1921லதான் அத எடுத்தாங்க. அப்ப ஒருத்தன் தன் துண்ட இன்னொருத்தனுக்கு லேசுல குடுத்துட மாட்டான்.

மாமாதான் மொதல்ல கேட்டாரு. "அப்ப அந்த துண்டுக்கு சொந்தக்காரன் என்னா ஆனான்?"

"அத யாருய்யா கேட்டா" ன்னாங்க பாட்டி.

ஏ லெவல் புள்ள கொப்பிய தெறந்து, பாட்டி பக்கத்துல போயி ஒக்காந்து, எந்த தோட்டம்னு கேக்க ஆரம்பிச்சுது.